நாட்டாமையின் பிடரி

கடந்த மாதம் ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் எடுத்த படம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பிடரியில் இரண்டு சீனி மூடைகளை அடுக்கியபடி நடந்து செல்கிறார். அவரது முகம் தெரியவில்லை. பிடரியில் 100 கிலோவை ஏற்றிய மனிதன் முகத்தை நிமிர்த்த முடியாது; படம் எடுப்பவன் தரையில் படுத்தாலொழிய அந்த முகம் அகப்படாது. படத்தின் கீழே, "உடற்பயிற்சி நிலையம் போகாத எங்கள் தாத்தாவைப் பாருங்கள்! உழைப்பே உயர்வு!" என்று எழுதியிருந்தது. தலையிலும் தோளிலும் சுமப்பது உடலுக்கு நல்லது என்று விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றொரு வரியும் இருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதற்குக் கைகூப்பியிருந்தனர்.

நண்பருக்கு நான் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. எழுத எழுத என் கோபம் அவர்மீது குறைந்து என்மீதே திரும்பியது. ஆகவே அதை எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய படங்களுக்கு நானும் பல ஆண்டுகள் வரி எழுதியிருக்கிறேன். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் ஏப்ரல் மாதக் கடைசி வந்தால் ஆசிரியபீடத்தில் ஒருவர் நினைவுபடுத்துவார்: "மே தினத்துக்குப் படம் வேணும்." புகைப்படக்காரர் புறக்கோட்டைக்குப் போய் அரைமணி நேரத்தில் திரும்பிவிடுவார். வியர்வை வழியும் முதுகு, புடைத்த நரம்பு, மூடை. நான் கீழே இரண்டு வரி எழுதுவேன். "இவர்களின் தோள்களில்தான் நாடு நிற்கிறது" என்பது போன்ற வரிகள். அந்தத் தோள் எப்படி இருக்கிறது, இரவில் அதைச் சாய்த்துப் படுக்க முடிகிறதா என்று ஒரு மே தினத்திலாவது ஒருவரிடம் கேட்டு எழுதியதாக நினைவில்லை.

தமிழகத்து வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்லும் பெரிய மனிதர். எங்கள் ஊரில் நாட்டாமை என்றால் மூடை தூக்குபவர். சிங்களத்திலும் இதே சொல் "நாட்டாமி" என்று வழங்குகிறது. ஊரை ஆண்டவனின் பட்டம் கடல் கடந்து வந்து கொழும்பில் சுமைக்காரனின் பெயராகிவிட்டது. அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்லட்டும். எனக்கு அது கொடிய பகிடியாகவே படுகிறது.

ஒரு மூடை மனிதனின்மேல் எப்படி உட்காருகிறது என்பதைப் புறக்கோட்டையில் பத்து நிமிடம் நின்றால் பார்க்கலாம். லொறியின் மேல் நிற்பவர் மூடையைச் சரித்து இறக்குவார். கீழே நிற்பவர் முதுகைக் காட்டி, தலையை முன்னே குனிந்து, பிடரியும் இரு தோள்களும் சேருமிடத்தில் அதை வாங்குவார். மூடை வந்து விழும் அந்தக் கணத்தில் முழங்கால் சற்று மடங்கி நிமிரும். பிறகு கால்களுக்கு முன்னால் உள்ள இரண்டு முழம் தரையை மட்டும் பார்த்தபடி கிட்டத்தட்ட ஓட்டம். "வழி, வழி" என்று அவர் கத்துவது எதிரே வருபவர் அவர் கண்ணுக்குத் தெரியாததனால். அந்தக் குரலை முரட்டுத்தனம் என்று முகம் சுளிக்கும் கனவான்களை நான் கண்டிருக்கிறேன்.

கழுத்தில் எலும்புகள் ஏழு. அவற்றின் இடையே சவ்வு போன்ற தட்டுகள். இயல்பாகத் தலையை மட்டும் தாங்குவதற்கு அமைந்த தூண் அது. தலையின் பாரம் ஏறத்தாழ ஐந்து கிலோ. அந்தத் தூணை முன்னே வளைத்துவைத்து, அதன் அடிவாரத்தில் 50 கிலோவை நாளுக்குப் பலமுறை மோதவிட்டால், இளமையில் தசை தாங்கிக்கொள்ளும். தசை சோர்ந்தபின் தட்டு தேயும். தட்டுத் தேய்ந்த இடத்தில் எலும்பு ஓரங்களில் முள்போல வளரும். அந்த முள் கைக்குப் போகும் நரம்பை உரசினால் தோளிலிருந்து பெருவிரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கும், விரல்கள் மரக்கும். நடுவே செல்லும் முள்ளந்தண்டு வடத்தையே நெருக்கினால் வலி பெரிதாக இராது. கை வேலை தடுமாறும், சட்டைப் பொத்தான் போட முடியாது, நடை தள்ளாடும். வலி குறைவு என்பதனால் ஆள் வைத்தியரிடம் போவதுமில்லை. தோளின் கதையும் சிறிதல்ல. பாரம் அழுத்தும் இடத்தில் தோல் காய்த்துக் கட்டியாகிவிடும். கையைத் தலைக்குமேல் தூக்கும் தசைநார் கிழிந்துபோனால் சட்டை மாட்டவும் தலை வாரவும் மற்றவரின் கை வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1700ஆம் ஆண்டில் பெர்னார்டினோ ரமாசினி என்ற இத்தாலிய மருத்துவர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் சுமைதூக்குவோருக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1968இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில், அன்றைய ரொடீசியாவில் தலைச்சுமைக்காரருக்கு நேரும் கழுத்துச் சேதத்தைப் பற்றி "சுமைக்காரனின் கழுத்து" என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை வந்தது. கொங்கோவில் விறகு சுமப்போரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்து, தேய்வு மிகுதியாக இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளாக மருத்துவத்துக்குத் தெரிந்த ஒன்று எங்கள் சந்தைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

2003ஆம் ஆண்டளவில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நான் காலையில் தேநீர் குடிக்கும் கடைக்கு நாட்டாமை ஒருவரும் வருவார். மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்தவர். அப்போது அவருக்கு நாற்பத்து நாலோ ஐந்தோ. நல்ல பேச்சுக்காரர், எங்கள் பத்திரிகையை வரி விடாமல் வாசித்து என்னிடமே பிழை பிடிப்பார். சில மாதங்களாக அவர் நடையில் ஒரு தள்ளாட்டம் தெரிந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். ஒருநாள் கோப்பை கைதவறி உடைந்தது. கடைக்காரர் ஏசினார். நான் பெரிய மனிதத் தோரணையில், "தம்பி, காலமையே இப்பிடிக் குடிச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஐயா, நான் குடிய விட்டு எட்டு வருசமாச்சுங்க" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. பிறகு வெட்கத்தினாலோ என்னவோ அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய அரசாங்க வைத்தியசாலைக்குப் போனேன். ஒருமுறையல்ல, பலமுறை. முதல் இரண்டு தடவையும் வலி மாத்திரையும் பூசும் மருந்தும் கிடைத்தன. மூன்றாவது தடவை ஓர் இளம் வைத்தியர் அவரை ஒரு கோட்டின்மேல் அடிக்குமேல் அடிவைத்து நடக்கச் சொன்னார். சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பூட்டச் சொன்னார். இரண்டும் முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்தபோது கழுத்தில் இரண்டு இடங்களில் வடம் நசுங்கியிருந்தது. "என்ன தொழில்?" என்று வைத்தியர் கேட்டார். சொன்னதும், "அப்ப இது வயசில வந்ததில்லை" என்றார். சத்திரசிகிச்சை மேலும் கெடாமல் நிறுத்தலாம், போனதைத் திரும்பத் தருமென்று உறுதி சொல்ல முடியாது என்றும் விளக்கினார்.

நாளும் கொடுத்தார்கள். அந்த நாள்வரை அவரால் கொழும்பில் இருக்க முடியவில்லை. மூடை தூக்கும்வரை கடைத் திண்ணையில் படுக்க இடமிருந்தது. தூக்காதவருக்கு அந்த இடம் இல்லை. அவர் இருபத்தாறு வருடம் மூடை தூக்கிய கடைகள் எத்தனையோ. ஒரு முதலாளிகூட அவரைத் தம்மிடம் வேலை செய்தவரென்று ஒத்துக்கொள்ளவில்லை. பொய்யும் சொல்லவில்லை, எல்லோரிடமும் செய்தவர் ஒருவரிடமும் செய்யாதவராகிவிட்டார். மலைக்குப் போனவர் சிகிச்சைக்குத் திரும்பி வரவில்லை.

2006இல் வேறு செய்திக்காக அந்தப் பக்கம் போனபோது அவரைத் தேடினேன். லயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "இங்கயும் குடிகாரன்னுதான் சொல்றாங்க ஐயா" என்று சிரித்தார். கொழும்புக்கு வந்து அதைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். "சண்டை திரும்பத் தொடங்கிப்போச்சு, சனம் செத்துக்கொண்டிருக்கு, நீர் கழுத்து நோவைப் பற்றி எழுதிக்கொண்டு வாறீர்" என்றார் பொறுப்பிலிருந்தவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கட்டுரையை மேசை இழுப்பறையில் வைத்தேன். 2009க்குப் பின்னும் அது அங்கேயேதான் கிடந்தது. அதற்கு எந்த நியாயமும் இல்லை.

இனி நண்பர் அனுப்பிய "விஞ்ஞானம்". அது முழுப் பொய் அல்ல. அதனால்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 1986இல் கென்யப் பெண்கள் தலையில் சுமந்து நடக்கும்போது எவ்வளவு சக்தி செலவாகிறதென அளந்தார்கள். தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை அவர்கள் மேலதிகச் சக்திச் செலவின்றிச் சுமந்தனர். உலகம் வியந்தது. 2005இல் நெற்றிப்பட்டியால் சுமக்கும் நேபாளத்துச் சுமைக்காரரையும் அளந்து வியந்தார்கள். ஆனால் அந்த ஆய்வுகள் கேட்ட கேள்வி, இந்த உடல் எவ்வளவு சிக்கனமாகச் சுமக்கிறது என்பது. இருபது வருடத்துக்குப்பின் இந்தக் கழுத்து எப்படியிருக்கும் என்பது வேறு கேள்வி. அதுவும் போகட்டும். 55 கிலோ எடையுள்ள மனிதனின் ஐந்தில் ஒரு பங்கு 11 கிலோ. படத்திலுள்ள பெரியவரின் பிடரியில் இருப்பது அதன் ஒன்பது மடங்கு. கென்யப் பெண்ணின் தலையிலிருந்த 11 கிலோவைக் காட்டி, கொழும்புக் கிழவரின் பிடரியில் 100 கிலோ ஏற்றுவதற்கு நியாயம் தேடுகிறோம்.

பாரத்துக்கு அளவு சொல்ல உலகம் முயன்றிருக்கிறது. 1967இல் சர்வதேச தொழில் அமைப்பு சுமைகளின் உச்ச எடை பற்றி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய பாரத்தை எந்தத் தொழிலாளியும் சுமக்கும்படி பணிக்கவோ அனுமதிக்கவோ கூடாது என்பது அதன் சாரம். கூடவே வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் இருக்குமானால் விரைவில் அந்த அளவுக்குக் குறைக்கச் சொன்னது. அது அறுபது ஆண்டுகளை எட்டும் பழைய கணக்கு. 1991இல் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் வகுத்த சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக அமைந்தாலும் தூக்குவதற்குரிய எடை 23 கிலோவில்தான் தொடங்குகிறது. பிரித்தானியாவில் 1992இல் கையால் சுமை கையாள்வது பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. அங்குள்ள வழிகாட்டலின்படி ஆணுக்கு இடுப்பளவில், உடலோடு ஒட்டித் தூக்கும்போதே 25 கிலோதான்.

இதன் விளைவு என்ன தெரியுமா? பிரித்தானியாவில் ஒரு சீமெந்துப் பை இன்று 25 கிலோ. எங்களூரில் 50 கிலோ. சீமெந்து ஒன்றுதான், கழுத்து எலும்பும் இரண்டு நாட்டாருக்கும் ஏழுதான். மூடையின் எடை மழை வெயில்போல வானத்திலிருந்து வருவதல்ல. ஒரு தொழிற்சாலையில், ஒரு மேசையில், சட்டை மடிப்புக் கலையாத சிலர் தீர்மானிப்பது. அதை 25 ஆக்குவதற்குப் புதிய இயந்திரமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. சற்றுக் கூடுதலாகக் கடதாசியும் சாக்கும் நூலும் தேவை. அந்தச் செலவை மிச்சம்பிடிப்பதற்குத்தான் ஒரு மனிதனின் முள்ளந்தண்டு வடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மூடை ஏற்றிய லொறியை நால்வர் இறக்கினால் ஆளுக்கு 50 மூடை. மூடை 50 கிலோவானால் ஆளுக்கு 2,500 கிலோ. அது ஒரு லொறி. புறக்கோட்டையில் ஒரு லொறி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் யார்?

இன்னொரு விந்தையும் உண்டு. அந்தச் சீனி கடல் கடந்து கொள்கலனில் வருகிறது. கொழும்புத் துறைமுகத்தில் ராட்சதப் பாரந்தூக்கி அதைப் பூப்போல இறக்குகிறது. 1927இல் ஏ.ஈ.குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த துறைமுகத் தொழிலாளரின் முதுகில் ஏறிய மூடையை இன்று இரும்பு சுமக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தூரம் மனிதக் கை படாமல் வந்த அந்தச் சரக்கு, துறைமுக வாசலிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள கடைக்குள் போகும் கடைசி நூறு யாருக்கு மட்டும் மனிதப் பிடரியைக் கேட்கிறது. மனிதப் பிடரி பாரந்தூக்கியைவிட மலிவு; பழுதானால் திருத்தவும் தேவையில்லை, அடுத்த ரயிலில் இன்னொன்று வரும்.

எங்கிருந்து வரும்? பெரும்பாலும் மலையிலிருந்து. இங்கே அவர்களின் தாய்மாரைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. கொழுந்துக்கூடையின் கயிறு நெற்றிக்குமேல், தலையில் மாட்டப்படுகிறது. கூடை முதுகில் தொங்க, நிறை கழுத்தில் நிற்கும். ஈரக் கொழுந்தின் பாரத்தோடு சரிவில் ஏறும்போது கழுத்து முன்னே தள்ளி, கைகள் இரண்டும் ஓயாமல் கிள்ளும். ஒரு நாளைய பறிப்புக்கு 18 கிலோ என்பது நெடுங்காலம் வழங்கிவந்த கணக்கு. மாதக் கணக்கல்ல, நாட்கணக்கு. ஒரு பெண் பதினெட்டில் தொடங்கி ஐம்பத்தைந்துவரை. பல தோட்டங்களில் இன்று மூங்கில் கூடை போய் நைலோன் பையும் சாக்கும் வந்துவிட்டன. கூடை மாறியது, அது தொங்கும் இடம் மாறவில்லை. நான் சந்தித்த அந்த நாட்டாமையின் தாயாருக்கும் கழுத்து திரும்பாது. கூப்பிட்டால் உடம்போடு திரும்பிப் பார்ப்பார். தேயிலைப் பெட்டிகளில் சிரிக்கும் பெண்ணின் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதையும் எங்கள் மே தினப் படத்தோடு சேர்த்து வையுங்கள்.

சட்டம் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். அதன் அடித்தளம் "விபத்து" என்ற சொல். ஒரு மூடை தவறி விழுந்து கால் முறிந்தால் விபத்து. மூன்று இலட்சம் மூடைகள் ஒன்றும் தவறாமல் ஏறி இறங்கிக் கழுத்து நொறுங்கினால் அது முதுமை, வாதம், விதி, அல்லது குடி. இனி விபத்தேயென்று வைத்துக்கொண்டாலும் வழக்கு முதற் கேள்வியிலேயே நின்றுவிடும்: தொழில் கொடுத்தவர் யார்? 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிகத் தொழிலாளியையும், துண்டுக் கணக்கில் கூலி பெறுபவரையும் விலக்கவில்லை. சட்டம் விலக்காதவர்களைப் புறக்கோட்டைக் கணக்குப் புத்தகம் விலக்கிவிட்டது. அந்தக் கணக்குப் புத்தகங்களில் பல தமிழில் எழுதப்படுபவை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சுமப்பவரிலும் சுமத்துபவரிலும் மூவினத்தவரும் உண்டு. இந்த ஒரு விடயத்தில் நாட்டில் இன ஒற்றுமை பூரணமாக நிலவுகிறது.

"பல முதலாளி, பல கூலி, இதுக்கு எப்பிடிச் சட்டம் போடுறது?" என்று ஒரு வர்த்தகர் என்னிடம் கேட்டார். போட்டிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் தலைச்சுமைக்காரருக்கு மாத்தாடி என்று பெயர். மாத்தா என்றால் தலை. 1969இலேயே அவர்களுக்கென்று அங்கே சட்டம் வந்தது. தொழிலாளி, வியாபாரி, அரசு மூன்று தரப்பும் அமர்ந்த சபை. வியாபாரி கூலியையும் அதன்மேல் ஒரு வீதத்தையும் சபையில் கட்ட வேண்டும். சேமநிதியும் பணிக்கொடையும் மருத்துவமும் சபையின் பொறுப்பு. எல்லோரிடமும் வேலை செய்பவருக்கு எல்லோரும் சேர்ந்து முதலாளி என்பதுதான் அதன் தத்துவம். கேரளத்தில் 1978ஆம் ஆண்டின் தலைச்சுமைத் தொழிலாளர் சட்டம். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். அங்கெல்லாம் பாலும் தேனும் ஓடுகிறதென்று நான் சொல்லவில்லை. ஆனால் நோயுற்ற சுமைக்காரன் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவாவது உண்டு.

உடனே சொல்வார்கள்: "கேரளத்தைப் பார்த்தீர்களா? தூக்காமலே நோக்குகூலி வாங்கினார்கள்." உண்மைதான். பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்டது அடாவடி. அதை 2018இல் அந்த அரசே தடைசெய்தது. அதே கேரளத்தில்தான் 75 கிலோ என்றிருந்த உச்ச எடையை 55 ஆகக் குறைக்கவும் தீர்மானித்தார்கள். முதற் செய்தி மட்டும் பாக்குநீரிணையைக் கடந்து வருகிறது. இரண்டாவது செய்தி வழியில் மூழ்கிவிடுகிறது.

வர்த்தகரின் வாதத்தைவிட என்னைத் தடுமாற வைத்தது ஒரு நாட்டாமையின் வாதம். மூடையைப் பாதியாக்க வேண்டுமென்று சொன்னபோது அவர், "மூட பாதியானா கூலியும் பாதியாகுமே ஐயா, அப்ப ரெண்டு மூடயா தூக்கிருவோம்" என்றார். மூடைக்கு இவ்வளவென்று கூலி பேசும்வரை அவர் சொல்வது சரி. படத்திலுள்ள பெரியவர் இரண்டு மூடை சுமப்பதன் இரகசியமும் அதுவே. அது வீரமல்ல, துண்டுக் கூலி. ஆகவே மூடையைச் சிறிதாக்குவதோடு கூலியை மொத்த எடைக்கும் தூரத்துக்கும் பேச வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வது அவரை ஏமாற்றுவதாகும். இயந்திரம் வந்தால் பிழைப்புப் போய்விடும் என்ற பயமும் அவருக்கு உண்டு. நான் இயந்திரம் கேட்கவில்லை. சக்கரம் கேட்கிறேன். மூடையை இழுப்பதற்குக் கைவண்டி போகாத சந்துகளில் சிறு தள்ளுவண்டியாவது போகும், நடைபாதைப் பள்ளங்களை மாநகரசபை நிரப்பினால்.

இன்னொன்றும் கேட்கிறேன், அது நம் பாட்டன்மார் கட்டியது. யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளில் மடம், கேணி, ஆவுரஞ்சிக்கல் இவற்றோடு சுமைதாங்கியும் இருக்கும். நிற்கும் மனிதனின் தோளுயரத்துக்குக் கல்லால் கட்டிய மேடை. சுமந்து வந்தவர் குனியாமல் சுமையை அதில் சரித்துவிட்டு இளைப்பாறி, பிறகு எவருடைய உதவியுமின்றித் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடப்பார். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதைக் கட்டுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத பாரத்தோடு போனவள் பேரில் பிறர் பாரத்தை இறக்கி வைக்கட்டும் என்று. சும்மாடு என்றொரு சொல்லையும் அவர்கள் வைத்திருந்தார்கள். பாரம் நேரே எலும்பில் இறங்கக்கூடாது என்று தெரிந்தவர்களின் சொல் அது. நவீன தொழிற்சுகாதாரம் இன்று "தரையிலிருந்து தூக்காதே" என்று படம் போட்டுச் சொல்வதை, எழுத்தறியாத கொத்தனார் கல்லில் செய்துவைத்தார். அந்தக் கற்கள் பல வீதி அகலிக்கும்போது பிடுங்கப்பட்டுவிட்டன. மனிங் சந்தை 2020இல் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போனபோது புதிய கட்டடம் எழும்பியது. வாகனத் தரிப்பிடம் எத்தனை, கடை எத்தனை என்று பத்திரிகைகள் எழுதின. சுமப்பவர் சுமையை இறக்கி மூச்சுவிட எத்தனை இடம் என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இவ்வளவையும் நண்பருக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அவர் இருபது வருடம் ஒரு பொருட்கிடங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "உமது கிடங்கில் பாரமான பெட்டிகளில் என்ன ஒட்டியிருக்கும்?"

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. பாரமான பெட்டியில் இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதுபோல் ஒரு படம் ஒட்டியிருக்குமாம். தனியே தூக்கியதற்காக ஒருமுறை மேலாளர் தம்மை எச்சரித்ததாகவும் எழுதியிருந்தார். பிறகு, "அந்தப் படத்தை அழித்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

அழிக்க வேண்டாம், கீழேயுள்ள வரியை மாற்றும் என்று எழுதினேன். என்ன எழுதுவது என்று கேட்டார். அவருடைய கிடங்கில் ஒட்டியிருந்ததையே எழுதச் சொன்னேன். நேற்றுவரை மாற்றவில்லை, கைகூப்பியவர்களின் தொகை நானூறைத் தாண்டியிருக்கிறது.